ரிக்கார்டுப் பெட்டியை மாற்றுவதா வேண்டாமா

எங்கள் வீட்டு ரிக்கார்டுப் பெட்டியை மாற்றுவதா வேண்டாமா என்று ஒன்றரை மாதம் பேச்சு நடந்தது. பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதை இரண்டே நாளில் முடிவு செய்தவர்கள் நாங்கள். அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு மலையாள தேசத்தில் இருக்கிற எங்கள் கரமனை வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். சண்டை போட வேறு விஷயம் இல்லாததாலோ என்னவோ, பெட்டியைப் பிடித்துக்கொண்டோம்.

பெட்டி என்றால் உண்மையிலேயே பெட்டிதான். ஒரு சின்ன சூட்கேஸ் அளவு. வெளியே பச்சை ரெக்சின், தூக்கிப் போக ஒரு கைப்பிடி. மூடியைத் திறந்தால் மூடிக்குள்ளேயே ஸ்பீக்கர். தட்டு சின்னது, பெரிய ரிக்கார்டை வைத்தால் சுற்றிலும் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நான் நாகர்கோவிலில் காலேஜ் படித்தபோது அப்பா வாங்கித் தந்தது. கல்யாணமாகி வந்தபோது பாத்திரங்களோடும் புடவைகளோடும் அதுவும் பஸ்ஸில் வந்தது. எனக்குப் பாட்டு வாத்தியார் என்று யாரும் கிடையாது. அந்தப் பெட்டியில் ரிக்கார்டைப் போட்டு, கூடவே பாடிப் பாடிப் படித்ததுதான் எல்லாம். கரமனைக்கு வந்த பிறகும் அந்த வழக்கம் விடவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்ததும் ஒரு பக்கம் போடுவேன். குழம்பு கொதிப்பதற்குள் நானும் ரிக்கார்டும் சேர்ந்து இரண்டு மூன்று கீர்த்தனை பாடி முடித்திருப்போம்.

என் கணவருக்கு அரசாங்க ஆபீசில் வேலை. எந்தக் காரியத்தையும் ஃபைல் போட்டு, அதற்குக் குறிப்பு எழுதி, அப்புறம்தான் யோசிப்பார். பெட்டி விஷயத்திலும் அப்படித்தான். ஏதோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு வந்து ஆரம்பித்தார்.

"இந்த ஊசிக்கு எடை ஜாஸ்தி. ஒவ்வொரு தடவை போடறச்சேயும் ரிக்கார்டைச் சொரண்டறது. இப்படியே போனா அஞ்சு வருஷத்துல பாட்டு இருக்காது, வெறும் கோடுதான் இருக்கும்."

"அந்த ஊசிக் கை மேல நாலணாவை ஒட்டி வச்சது யாரு?" என்று கேட்டேன்.

ஊசி குதிக்கிறது என்று அவரே ஒட்டியதுதான். பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் வேறொரு கோணத்தில் வந்தார். ஆபீஸ்காரர்களிடம் அந்தப் பொறுமை உண்டு.

இதற்கெல்லாம் காரணம் மஸ்கட்காரர். தெரு முனையில் புதிதாக மாடி வீடு கட்டிக்கொண்டு வந்திருந்த மலையாளி. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் எல்லோரும் சி.டி. பிளேயருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவரும் மாறினார். அங்கிருந்து கொண்டுவந்த பெரிய டர்ன்டேபிளையும் ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு ஸ்பீக்கரையும் வைக்க இடம் இல்லை, ஓணத்துக்கு முன்னால் ஷெல்ஃப் காலியாக வேண்டும் என்று அவர் மனைவி கெடு வைத்துவிட்டாள். என் கணவர் சங்கீதப் பிரியர் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போனால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அவர் சொல்ல, இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் கூடத்தில் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே மேஜை. பெரியது வந்தால் சின்னது போக வேண்டும். தன் ஆபீஸ் சிநேகிதர் வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடலாம் என்று அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"நான் செத்தப்புறம் கொடுங்கோ" என்றேன்.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவருக்குப் புரியவில்லை. அப்பா வாங்கித் தந்தது என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நிஜமான காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

எங்கள் தெருக் கோடியில் பஜனை மடம் ஒன்று உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றினால் எட்டு மணிவரை நடக்கும். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே நான் அங்கே பாடினேன். அந்த மடத்தில் ஒரு வழக்கம். முதலில் ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்துவிட்டுப் பாட ஆரம்பிப்பது என்பதெல்லாம் இல்லை. யார் பாட்டு எடுக்கிறார்களோ அவர்கள் பாட்டுக்குத் தொடங்கிவிட வேண்டும். ஆர்மோனியக்காரர் அதைக் காதால் பிடித்து, கட்டையைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்வார். பல்லவி முடிவதற்குள் சேர்ந்துவிடுவார். அவர் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார், ஆனால் அந்த விஷயத்தில் எமகாதகர். நான் வாயெடுத்த மறு நிமிஷம் அவருடைய விரல் சரியான கட்டையில் இருக்கும். அப்படிப் பதினேழு பதினெட்டு வருஷம் ஜோராக நடந்தது. மாமி ஒரு பாட்டு எடுங்கோ என்று யாராவது சொல்லாத சனிக்கிழமை கிடையாது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ ஆயிற்று. நான் ஆரம்பிப்பேன். ஆர்மோனியம் ஒரு கட்டையைத் தொடும், விடும். அடுத்ததைத் தொடும், விடும். பிறகு மௌனமாகிவிடும். கூடப் பாடுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நாலைந்து சனிக்கிழமை இப்படிப் போன பிறகு, பஜனையை நடத்தும் பாகவதர் என்னிடம் ஜால்ராவை நீட்டினார்.

"மாமி, நீங்கோ தாளம் போட்டா மதி, அதுவே போறும். நீங்கோ போட்டாத்தான் தாளம் நிக்கறது, கேட்டேளா."

இதைவிட மரியாதையாக ஒருத்தரை வாயை மூடச் சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் நாலு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் கேட்டபோது தொண்டை சரியில்லை என்றேன். நாற்பது வயதுக்கு மேல் குரல் போய்விட்டது, சுருதி சேரவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதோடு சரி, ஒருநாளும் மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் வீட்டில் காலை வேளையில் பெட்டியோடு பாடும்போது என் குரல் கச்சிதமாகச் சேர்ந்தது. ஒரு மயிரிழை பிசகாது. உலகத்திலேயே என் குரலோடு ஒத்துப்போகிற ஒரே ஜீவன் அந்தப் பச்சைப் பெட்டிதான் என்று ஆகிவிட்டது. அதைத் தூக்கிக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பேன்?

ஓணம் நெருங்க நெருங்க மஸ்கட்காரர் வீட்டிலிருந்து தினம் ஆள் வந்தது. கடைசியில் என் கணவர் ஒரு ஏற்பாடு சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை உன் ரிக்கார்டு ஒண்ணைக் கொண்டுபோய் அங்கே போட்டுக் கேளு. பிடிக்கலைன்னா நான் இதைப்பத்திப் பேசவே மாட்டேன்."

பேசமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை. சரி என்றேன். எனக்கு மிகவும் தெரிந்த ரிக்கார்டாகப் பார்த்து, காலையில் நான் அதிகம் பாடுகிற ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

மஸ்கட்காரர் வீட்டுக் கூடத்தில் அந்தச் சாதனம் ஒரு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. கனமான வெள்ளித் தட்டு, அதன் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. ரிக்கார்டைப் போட்டார். ஊசி இறங்கியது தெரியவில்லை, கரகர சத்தம் இல்லை. தம்புராவின் நாலு தந்தியும் தனித்தனியாகக் கேட்டன. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு ஆரம்பித்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் பாட்டு இல்லை. ரிக்கார்டில் பாடுகிற அதே அம்மாள்தான் பாடினார், அதே வார்த்தைகள்தான், ஆனால் குரல் கொஞ்சம் மேலே இருந்தது, கொஞ்சம் அவசரமாகவும் இருந்தது. ரேடியோவில் அந்தப் பாட்டு வரும்போதும் இப்படித்தான் தோன்றும். அப்போதெல்லாம் ரேடியோக்காரர்களுக்கு நேரம் போதவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவேன். இங்கே என்ன அவசரம்?

"உங்க மெஷின் வேகமா ஓடறது" என்றேன்.

மஸ்கட்காரர் கோபப்படவில்லை. எங்களோடு பேசும்போது தமிழும் மலையாளமுமாகப் பேசுவார்.

"இல்ல மாமி, இது தெற்றாது, தப்பே வராது. இங்கே நோக்குங்கோ, இந்தப் புள்ளி எல்லாம் அனங்காம நிக்குதில்லே? லைட்டுக்கு முன்னாடி புள்ளி நின்னா ஸ்பீடு கரெக்டு. வேகம் கூடினா முன்னால ஓடும், குறைஞ்சா பின்னால ஓடும்."

குனிந்து பார்த்தேன். தட்டு சுற்றுகிறது, புள்ளிகள் சுற்றவில்லை. நின்ற இடத்தில் நின்றன. அந்தப் புள்ளிகளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

வாய்க்குள்ளேயே கூடப் பாடிப் பார்த்தேன். சேரவில்லை. ரிக்கார்டு ஒரு இடத்தில், நான் ஒரு இடத்தில். மடத்தில் நடந்தது அப்படியே இங்கேயும் நடந்தது. இத்தனை வருஷம் பெட்டி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு இருந்திருக்கிறது, நல்ல மெஷினில் வைத்துப் பார்த்தால் என் குரலின் லட்சணம் இதுதான் என்று தோன்றியது. மஸ்கட்காரர் மனைவி கொண்டுவந்த பாயசத்தைக்கூடப் பாதியில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் பெட்டியைத் திறந்து அதே ரிக்கார்டைப் போட்டுப் பாடினேன். சேர்ந்தது. என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு அந்த மெஷின் தப்பு, இல்லேன்னா இந்தப் பெட்டி தப்பு" என்றார் மெதுவாக.

"இது தப்பா? இதுல பாடித்தான் நான் பாட்டே படிச்சேன்."

"அப்போ ரிப்பேர்காரன்ட்ட காட்டிடலாமே. கரெக்டுன்னு அவன் சொல்லிட்டா மஸ்கட்காரர் முகத்துல கரி."

அந்தக் கரி விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் அவர் அரை நாள் லீவு போட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சாலை பஜாருக்குப் போனோம்.

சாலைக் கடைத் தெருவில், இரும்புச் சாமான் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் உட்கார்ந்தால் மறு ஆள் நிற்க வேண்டிய அளவில் அந்த ரிப்பேர் கடை இருந்தது. உள்ளே இருந்தவருக்கு மார்த்தாண்டம் பக்கம். ரேடியோ, அயர்ன்பாக்ஸ், மிக்சி எல்லாம் பார்ப்பார். பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதெல்லாம் இப்பம் யாரும் கொண்டாறதில்லம்மா. என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்லை. வேகம் சரியா இருக்குன்னு நீங்க சொல்லணும், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு வட்டமான அட்டையை எடுத்தார். அட்டை முழுக்கக் கறுப்புக் கோடுகள். அதைத் தட்டில் வைத்து, டியூப் லைட்டுக்குக் கீழே பெட்டியை இழுத்துவைத்து ஓடவிட்டார். மஸ்கட்காரர் வீட்டுப் புள்ளிகள் செய்த அதே வேலைதான். கோடுகள் நிற்க வேண்டும்.

கோடுகள் பின்னால் நகர்ந்தன. அவசரமே இல்லாமல், சாயங்காலம் வாக்கிங் போகிறவர்கள் போல, ஒன்றன் பின் ஒன்றாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தன.

"நல்லா ஸ்லோவா ஓடுது" என்றார். தட்டைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் தடவி, அந்த விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு இதுல தேங்காண்ண விட்டது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

விட்டது நான்தான். எங்கள் நாகர்கோவில் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு பெட்டியையும் வைப்போம். சந்தனம் குங்குமம் இட்டு, விஜயதசமி காலையில் எடுக்கும்போது, தையல் மிஷினுக்கு விடுகிற மாதிரியே இதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு பாட்டுப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அப்பா விட்டது மிஷின் எண்ணெய். கரமனைக்கு வந்த முதல் வருஷம் மிஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்தேன், மண்ணெண்ணெய் வாடை அடித்தது. சரஸ்வதிக்கு முன்னால் இதையா விடுவது என்று தோன்றியது. அடுக்களையில் சுத்தமாகக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் இருந்தது. தலைக்கு அது, சமையலுக்கு அது, விளக்குக்கும் அது. பெட்டிக்கு மட்டும் ஆகாதா என்ன? அன்றிலிருந்து வருஷம் தவறாமல், குளித்து, மடியாக, பக்தி சிரத்தையோடு விட்டேன். ஒரு சொட்டு போதாதென்று சில வருஷம் இரண்டு சொட்டு.

ரிப்பேர்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார். ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அச்சிலிருந்து மஞ்சளாக எதையோ வழித்துக் காட்டினார்.

"பாத்தியளா, பசை மாதிரி ஆயிட்டு. சந்தனமும் கூட இருக்கு. அச்சு இறுகி, ரப்பர் வீலு வழுக்குது. இது ஒரு நாள்ல வந்த கேடு இல்லம்மா. வருஷத்துக்கு இம்மிணி இம்மிணியா வேகம் கொறஞ்சிருக்கும். வீட்டுல இருக்கவங்களுக்குத் தெரியாது."

அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் எனக்குக் காதில் விழவில்லை. வருஷத்துக்கு இம்மிணி. பெட்டி இறங்க இறங்க, தினமும் காலையில் கூடப் பாடிய நானும் அதோடு இறங்கியிருக்கிறேன். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் சுரம் கிடையாது. முதல் பதினேழு வருஷம் அந்தக் கொஞ்சம் வித்தியாசம் கூட்டத்தில் அமுங்கிப் போயிருக்கிறது. அப்புறம் நான் சரியாக இரண்டு கட்டைக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன். ஆர்மோனியக்காரர் எந்தக் கட்டையைத் தொட்டாலும் நான் அதில் இல்லை. என் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெட்டியைச் சுத்தம் செய்து மறுநாள் தருவதாக ரிப்பேர்காரர் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜால்ராவைச் சொன்னேன், நாலு வருஷத்தைச் சொன்னேன், தொண்டை சரியில்லை என்றது பொய் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. யார் மேலாவது கோபப்படலாம் என்று பார்த்தால், எண்ணெய் விட்ட கை என்னுடையது. அதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக நான் உட்கார்ந்திருந்ததை எதிர் சீட்டுப் பெண்மணி கவலையோடு பார்த்தாள். என் கணவர் அவளிடம், "கொழப்பம் ஒண்ணுமில்லே" என்று மலையாளத்தில் சமாதானம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. சொல்லியிருக்கலாம்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் பெட்டி வந்தது. ரிக்கார்டைப் போட்டேன், மஸ்கட்காரர் வீட்டில் கேட்ட அதே உயரம், அதே வேகம். கூடப் பாடினேன். பல்லவி வரை ஒருவிதமாகப் போயிற்று, அனுபல்லவியில் மேலே ஏறும் இடத்தில் குரல் கீச்சென்று முறிந்தது. இரண்டாம் தடவையும் முறிந்தது. காலேஜ் பெண்ணாக இருந்தபோது அந்த உயரத்தில் அநாயாசமாகப் பாடினேன். இருபத்திரண்டு வருஷம் மெதுவாக மாடிப்படி இறங்கி வந்தவளை ஒரே தாவில் மேலே ஏறு என்றால் எப்படி? ஒரு வாரம் முயன்றேன். தொண்டை கட்டிக்கொண்டது. இந்தத் தடவை பொய் இல்லை.

மேலேயும் போக முடியாது, பழைய இடத்தில் நின்றால் ஆர்மோனியம் சேராது. சனிக்கிழமை மறுபடியும் ஜால்ராவோடு போய் உட்கார்ந்தேன். முன்பு தெரியாத வலி ஒன்று இப்போது தெரிந்தது. குரல் போய்விட்டது என்று நம்பியிருந்த நாலு வருஷமும் இந்த ஒரு சாயங்காலத்தைவிட எளிதாகக் கழிந்தன.

வழி சொன்னது மஸ்கட்காரர்தான், அதுவும் தெரியாமல். ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தார். எண்ணெய்க் கதையை அதற்குள் என் கணவர் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மஸ்கட்காரர் சிரித்துவிட்டு, "எண்டெ மெஷின்ல மாமி எண்ணெய் விட வேண்டாம். ஸ்பீடு கூட்டவும் குறைக்கவும் அதுல ஒரு திருகல் இருக்கு" என்றார்.

"என்ன திருகல்?"

"சின்னக் குமிழ். திருகினா பாட்டு கொஞ்சம் கீழ வரும், மேல போகும். நான் தொட்டதே இல்ல."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்போதே கிளம்பினேன். அவர்கள் வீட்டு சோபாவில் அவர் பெண்ணின் கீபோர்டு கிடந்தது. ரிக்கார்டைப் போடச் சொன்னேன். சரியான வேகத்தில் அது எந்தக் கட்டை என்று கீபோர்டில் தடவிக் கண்டுபிடித்தேன். பிறகு அதற்குப் பக்கத்தில் கீழே இருக்கிற கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி என் கணவரிடம் சொல்லிவிட்டு, குமிழை மெல்லத் திருகினேன். அம்மாளின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பெட்டி இத்தனை நாள் நின்ற இடத்தைத் தாண்டி, இன்னும் சற்றே கீழே வந்து, கீபோர்டின் சுரத்தோடு ஒட்டி நின்றது. வாயைத் திறந்து பாடினேன். அனுபல்லவியில் மேலே போய்விட்டுச் சேதமில்லாமல் திரும்பி வந்தேன். முழுசாக ஒரு கட்டை கீழே. என் வயசுக்கு அது நியாயம்தான்.

கட்டையிலிருந்து விரலை எடுக்காமலே, "மாத்திடலாமா?" என்று என் கணவர் கேட்டார்.

"மாத்திடலாம்" என்றேன். நாலு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிற துல்லியத்துக்காக அவர் அதை விரும்பினார். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் குமிழ். சாயங்காலமே நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வந்தோம். பச்சைப் பெட்டியை ஆபீஸ் சிநேகிதர் வீட்டுக்கு அனுப்பும் யோசனையை அவரே கைவிட்டார். அது அடுக்களை ஷெல்ஃபுக்குப் போயிற்று.

ஓணம் கழியும்வரை தினமும் காலையில் குமிழைத் திருகி வைத்துப் பாடினேன். பழைய இடத்துக்கே போய் நிற்கும் குரலை இழுத்து இழுத்துப் புதிய இடத்தில் உட்கார வைத்தேன். ஓணத்துக்கு அடுத்த சனிக்கிழமை மடத்தில், இரண்டு பாட்டுக்கு நடுவில் வந்த இடைவெளியில், யாரையும் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன். பாகவதர் திரும்பிப் பார்த்தார். முதல் வரி தனியாகப் போயிற்று. இரண்டாம் வரியில் ஆர்மோனியம் வந்து சேர்ந்தது. தேடவில்லை, தடவவில்லை, நேராக வந்து சேர்ந்தது. அப்புறம் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்றால், சரணத்தில் ஒரு வரியை மறந்து, முந்தின வரியையே இரண்டு தடவை பாடினேன். யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லவில்லை.

பஜனை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆர்மோனியக்காரர் என் பக்கம் வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னோடு சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை.

"மாமி, உங்ககிட்ட ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். உங்களைப் பாடச் சொல்ல வேண்டாம்னு பாகவதர்ட்ட சொன்னது நானாக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு வருஷம். வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நீங்கோ பாடறச்சே எனக்குக் கட்டையே கெடைக்கலை. இத்தனை வருஷம் கெடைச்சது, அப்புறம் கெடைக்கலை. எனக்குக் காது போயிடுத்துன்னு நெனச்சேன்; மத்தவா பாட்டையெல்லாம் வெறும் பழக்கத்துல பிடிச்சுடறேன்னு பட்டது. ஆஸ்பத்திரில காட்டினேன், ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னார், நான் நம்பலை. காது போன விஷயம் வெளியில தெரிஞ்சா ஆர்மோனியத்தை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுவா. எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்கோ. அதான் உங்களை நிறுத்தச் சொன்னேன். இன்னிக்கு நீங்கோ ஆரம்பிச்சேள், எனக்குப் பயமாப் போயிடுத்து."

கோபம் போன இடம் தெரியவில்லை. விஜயதசமி எண்ணெயைப் பற்றி முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் முடித்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ என் காதுக்கு ஒண்ணுமில்லை" என்றார்.

"ஒண்ணுமே இல்லை" என்றேன்.